மாணவரிடம் கேட்டது எப்போது?

அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டத்துக்கு அருகே உள்ள கங்கைகொண்டசோழபுரம் ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராக இருந்தது. அந்த நகரை எழுப்பிய முதலாம் ராஜேந்திரன் காலத்தில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் ஒரு வேதக் கல்லூரிக்கு நிவந்தம் வைக்கப்பட்டது. அதைப் பதிந்திருக்கும் கல்வெட்டு வியக்கத்தக்க நுணுக்கம் கொண்டது. மாணவர் 340 பேர். அவர்களில் இளையோர் 270, மூத்தோர் 70. ஆசிரியர் 14 பேர். இளைய மாணவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல், மூத்தவருக்கு 10 நாழி. எந்த வேதத்தை எத்தனை பேர் ஓதுகிறார்கள், இலக்கணத்துக்கு எத்தனை பேர், மீமாம்சைக்கு எத்தனை பேர் என்பது வரை கல்லில் இருக்கிறது. ராஜேந்திரனின் மகன் வீரராஜேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை என்ற மருத்துவமனையைப் பற்றிச் சொல்லும் அதே கல்வெட்டு, அங்கே தங்கிப் படித்த மாணவர் படுக்கப் பாயும், இரவில் விளக்கெரிக்க எண்ணெயும், சனிக்கிழமைதோறும் தலைக்கு எண்ணெயும் தர ஏற்பாடு செய்திருக்கிறது.

இந்தக் கல்வெட்டுகளை நம் கல்வி வரலாற்றின் பெருமையாகச் சொல்வது வழக்கம். பெருமைப்பட இடமும் உண்டு. ஆனால் அந்தக் கல்லூரிகள் பிராமண மாணவருக்கு மட்டுமே ஆனவை என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். இன்னொன்றும் கண்ணில் படுகிறது. கல்லில் உள்ளதெல்லாம் கொடுத்தவரின் கணக்கு. எவ்வளவு நெல், எவ்வளவு எண்ணெய், எத்தனை தலை. பாடம் மாணவனைச் சென்று சேர்ந்ததா, அவன் அங்கே எப்படி இருந்தான் என்று அவனையே கேட்டதற்கு ஒரு வரியும் இல்லை. நிவந்தக் கல்வெட்டு ஒரு சட்ட ஆவணம், அதில் போய் மாணவர் கருத்தைத் தேடலாமா என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதே சோழர் காலத்துக்குத் தணிக்கை தெரியாமல் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் வாரியங்களுக்கு ஆண்டுதோறும் குடவோலையில் ஆள் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் தேர்வுக்கே வரவிடாமல் விலக்குகின்றன. கணக்குக் கேட்கும் வழக்கம் இருந்தது. கணக்குக் கேட்கும் உரிமை உள்ளவர் பட்டியலில் மாணவர் இல்லை, அவ்வளவுதான். இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கல்வியைப் பற்றி அடுத்த ஆயிரம் ஆண்டு எழுதப்பட்ட பதிவுகளும் பெரும்பாலும் இதே திசையில்தான் போயின. மேலே இருப்பவர் கீழே எண்ணினார். எண்ணிய கணக்கு மேலேயே போய்ச் சேர்ந்தது. மாணவர் அனுபவக் கணக்கெடுப்பு என்று இன்று நாம் நடத்துவதும் இந்தப் பழக்கத்திலிருந்து இன்னும் முழுதாக விடுபடவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

1801இல் கர்நாடக நவாபின் ஆட்சிப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, உடையார்பாளையம், அரியலூர் பாளையங்கள் அடங்கிய இந்த நிலப்பரப்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் வந்தது. 1822 ஜூன் 25 அன்று சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ ஒரு குறிப்பு எழுதினார். நாட்டில் கல்வி எந்த நிலையில் இருக்கிறது என்பது அரசுக்குத் தெரியவில்லை, ஒவ்வொரு கலெக்டரும் தன் மாவட்டத்தின் பள்ளிகளைக் கணக்கெடுத்து அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். குறிப்போடு ஒரு படிவமும் போனது. பள்ளிகள் எத்தனை, கல்லூரிகள் எத்தனை, படிப்போரில் பிராமணர் எத்தனை பேர், வைசியர், சூத்திரர், பிற சாதியினர், முஸ்லிம்கள் எத்தனை பேர், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கட்டங்கள். திருச்சிராப்பள்ளி உட்பட மாகாணத்தின் மாவட்டங்களிலிருந்து பதில்கள் வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. 1826 மார்ச்சில் மன்றோ கூட்டிப் பார்த்தபோது மாகாணம் முழுதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அவர்களில் பெண்கள் 4,540 பேர் மட்டும். வீட்டிலேயே படித்தவர்களையும் சேர்த்தால் பள்ளி வயதுப் பையன்களில் மூன்றில் ஒருவருக்கு அருகில் ஏதோ ஒரு கல்வி கிடைத்தது என்று அவர் மதிப்பிட்டார். ஆங்கிலேயர் வருமுன் இங்கே கல்வி இல்லை என்ற பேச்சை உடைக்க இந்த எண்கள் பின்னாளில் பயன்பட்டன. மன்றோ நேர்மையான நோக்கத்தோடுதான் கேட்டார் என்றே நான் நினைக்கிறேன். அந்தக் கணக்கெடுப்பு இல்லையென்றால் சூத்திரர் என்ற தலைப்பின் கீழ் எழுதப்பட்டவர்கள் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் எவ்வளவு பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

எண்ணிக்கையைத் தாண்டித் தரத்தைப் பற்றி எழுதியவர் பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல். பையன்கள் செய்யுள்களை வரி பிசகாமல் ஒப்பிக்கிறார்கள், பொருள் மட்டும் தெரியவில்லை என்று அவர் குறை சொன்னார். குறை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பையனுக்கு என்ன புரிகிறது என்பதையும் கலெக்டரே முடிவு செய்தார். பையனிடம் கேட்க வேண்டும் என்பது அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்களுக்கும் தோன்றவில்லை, நிரப்பியவர்களுக்கும் தோன்றவில்லை. அடுத்து வந்த முறை இன்னும் இறுக்கமானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் தேர்ச்சியைப் பார்த்து மானியம் தரும் ஏற்பாடு வந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். தேறியவர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளிக்குப் பணம். பள்ளிகள் இன்ஸ்பெக்டர் கேட்கப்போவதையே சொல்லிக்கொடுக்கத் தொடங்கின. அளவுகோலோடு பணத்தைக் கட்டினால் பாடம் அளவுகோலின் பக்கம் சாயும் என்பதை இந்த மாகாணம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டது. இன்றைய தரமதிப்பீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த அனுபவத்தை அதிகம் நினைப்பதில்லை.

உயர்கல்வி இந்த மண்ணுக்கு வந்தது மிகத் தாமதமாக. செந்துறையிலோ வேப்பந்தட்டையிலோ பிறந்த ஒருவர் பட்டம் படிக்க வேண்டுமானால் நெடுங்காலம் திருச்சிக்கோ கும்பகோணத்துக்கோ போய் அறை எடுத்துத் தங்க வேண்டியிருந்தது. அரியலூரில் அரசு கலைக் கல்லூரி தொடங்கியது 1965இல். தமிழ்நாட்டு மாணவர்கள் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் இறங்கி அரசையே அசைத்த அதே ஆண்டு அது. தங்களைக் கேட்காமல் எடுத்த ஒரு முடிவுக்கு மாணவர் தந்த பதிலாகவும் அந்தப் போராட்டத்தைப் பார்க்கலாம். அந்தக் கல்லூரி முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழும், 1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்தபின் அதன் கீழும் இயங்கியது. திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் மாவட்டம் 1995இல் உருவானது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் தனியானது. இதற்கிடையில் திருச்சி - சென்னை நெடுஞ்சாலையை ஒட்டிய பெரம்பலூர், பொறியியல், செவிலியர், கல்வியியல் என்று தனியார் கல்லூரிகள் நிறைந்த ஊராக வளர்ந்தது. குரும்பலூரிலும் வேப்பந்தட்டையிலும் பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள் வந்து பின்னர் அரசுக் கல்லூரிகளாயின. சிறுவாச்சூரில் தனியார் மருத்துவக் கல்லூரி 2011இல் வந்தது. அரியலூரின் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது.

2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு. பெரம்பலூரில் அது 74, அரியலூரில் 71. ஆக, இங்கே கல்லூரிக்கு வருகிறவர்களில் பலர் தங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் எல்லாம் இப்படிப்பட்டவர்களை மனத்தில் வைத்தே வந்தன. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. இந்தியாவின் சராசரி 28.4. சேர்ப்பதில் நாம் நாட்டை முந்திவிட்டோம். சேர்ந்த பிறகு உள்ளே அவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதற்கு அதே அளவு கவனம் கொடுத்தோமா என்பதே இப்போது கேட்க வேண்டியது.

மாணவரைக் கேட்கும் வழக்கம் வேறு நாடுகளில் 1920களிலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ரெம்மர்ஸ் 1927இல் ஆசிரியர் மதிப்பீட்டு அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். ஆசிரியருக்கு மதிப்பெண் போடுவதைவிட மாணவரின் அனுபவத்தைக் கேட்பது மேல் என்ற எண்ணம் பின்னர் வலுத்தது. பால் ராம்ஸ்டன் உருவாக்கிய வினாத்தாளை ஆஸ்திரேலியா 1993 முதல் நாடு முழுதும் பட்டதாரிகளிடம் கொடுத்தது. பிரிட்டனில் 2005 முதல் இறுதியாண்டு மாணவர் அனைவரிடமும் தேசிய அளவில் கேட்கிறார்கள். தொடக்க ஆண்டுகளில் அங்கே மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற பகுதி, விடைத்தாளைத் திருத்தித் தருவதும் அதைப் பற்றி மாணவரிடம் பேசுவதும்தான். அதைப் பார்த்துப் பல பல்கலைக்கழகங்கள் இத்தனை வாரத்துக்குள் திருத்திக் கொடுத்தாக வேண்டும் என்று விதி செய்தன. கேட்டதால் ஒன்று மாறியதற்கு இது நல்ல சான்று. அதே கணக்கெடுப்பை அரசு, பல்கலைக்கழகங்களைத் தரம் பிரிக்கவும் கட்டணத்தை உயர்த்தவும் பயன்படுத்தப் பார்த்தபோது, 2017இல் மாணவர் சங்கங்கள் அதைப் புறக்கணித்தன. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற இடங்களில் போதிய பதில் வராமல் முடிவை வெளியிட முடியாமல் போனது. தங்கள் பதில் எங்கே போகிறது என்பதை மாணவர்கள் கவனிக்கிறார்கள்.

இந்தியாவில் தேசிய தரமதிப்பீட்டு மன்றம், கல்லூரி வட்டாரத்தில் எல்லோரும் நாக் என்று சொல்வது, 1994இல் பெங்களூருவில் தொடங்கியது. மாணவர் திருப்தியை நேரடியாகக் கேட்கும் கணக்கெடுப்பை அது தன் மதிப்பீட்டுக்குள் கொண்டுவந்தது 2017இல். அந்த முறையில் கல்லூரி தன் மாணவர் பட்டியலை மின்னஞ்சல், கைபேசி எண்களோடு அனுப்பும். நாக் அவர்களுக்கு நேராக வினாத்தாளை அனுப்பும். கேள்விகள் 21. பாடத்திட்டத்தில் எத்தனை விழுக்காடு வகுப்பில் முடிக்கப்பட்டது, ஆசிரியர்கள் எந்த அளவு தயாரித்து வந்தார்கள், இன்டர்னல் மதிப்பீடு நியாயமாக நடந்ததா, அசைன்மென்ட் பற்றி உங்களோடு பேசினார்களா, எத்தனை விழுக்காடு ஆசிரியர்கள் புரொஜெக்டர் போன்ற கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்பவை போன்ற 20 கேள்விகளுக்குக் கட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசிக் கேள்வியில் மட்டும் மாணவர் தன் சொந்தச் சொல்லில் மூன்று யோசனைகள் எழுதலாம். மொத்தம் 1,000 மதிப்பெண்ணில் இதற்கு ஏறத்தாழ 50. ஒரு கல்லூரியில் மாணவரில் 10 விழுக்காடு அல்லது 100 பேர், இரண்டில் எது குறைவோ அவ்வளவு பேர் பதில் சொன்னால் போதும். 3,000 பேர் படிக்கும் கல்லூரிக்கு 100 பதில் போதும் என்று இதற்குப் பொருள்.

இதை நான் சிறுமைப்படுத்தவில்லை. எண்ணாயிரத்திலிருந்து மன்றோ வரை யாரும் செய்யாததை 2017இல் ஓர் அமைப்பு செய்தது. பாடத்தை முடித்தார்களா என்று மாணவரையே கேட்டது. அதன் கேள்விகளில் சில மிக நல்லவை. அசைன்மென்ட்டைத் திருத்தியபின் உன்னோடு பேசினார்களா என்ற கேள்வி எந்த ஊர் வகுப்பறைக்கும் பொருந்தும். ஆனால் கேள்விகளின் பார்வை வகுப்பறைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. பெரம்பலூருக்கு ரயில் இல்லை. ஆண்டிமடம் பக்கத்துச் சிற்றூரிலிருந்தும் தா.பழூர் பக்கத்திலிருந்தும் அரியலூர் வருகிறவர்கள் காலை டவுன் பஸ்ஸை நம்பியிருக்கிறார்கள். பஸ் தாமதமானால் முதல் மணி நேர வருகைப்பதிவு போகும். அது சேர்ந்து சேர்ந்து 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் வருகைக் குறைவுக்கான கண்டொனேஷன் கட்டணம் கட்ட வேண்டும். பாடம் 85 விழுக்காட்டுக்கு மேல் முடிக்கப்பட்டது என்று அதே வகுப்பின் விடுதி மாணவர் உண்மையாகவே எழுதுவார். பஸ்ஸில் வருகிற மாணவிக்கு முதல் மணி நேரப் பாடத்தில் பாதிதான் கிடைத்திருக்கும். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் கல்லூரிக்கு நல்ல மதிப்பெண், மாணவிக்கு ஒன்றுமில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு வேதியியலையும் கணிப்பொறி அறிவியலையும் ஆங்கிலத்தில் எதிர்கொள்ளும் முதல் செமஸ்டர், மாலையில் கடையிலோ வயலிலோ செய்யும் வேலை, பெண்களுக்கான கழிப்பறை, வீட்டில் எழும் கல்யாணப் பேச்சு என்று படிப்பைப் பாதியில் நிறுத்தக்கூடிய எதையும் அந்த 20 கேள்விகள் தொடுவதில்லை. மாணவர் தாமாக நினைவுபடுத்தி 21ஆவது இடத்தில் எழுதினால்தான் உண்டு. தேசியத் தரவரிசை இன்னும் ஒரு படி பின்னால் நிற்கிறது. 2016 முதல் வெளியாகும் அந்தப் பட்டியலில் பொதுக்கருத்து என்ற தலைப்புக்கு 10 விழுக்காடு உண்டு. அதற்காக இப்போது கருத்துக் கேட்கப்படுவோர் கல்வியாளர்களும் வேலை கொடுப்போரும்.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு, அவற்றில் பாரமானவையும் உண்டு. மாணவருக்குப் பாடத்தின் தரத்தை எடைபோடத் தெரியாது என்பது முதலாவது. அமெரிக்க விமானப்படைப் பயிற்சிக் கல்லூரியில் கேரல், வெஸ்ட் என்ற இரு பொருளியலாளர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. அங்கே மாணவர்கள் ஆசிரியரிடம் குலுக்கல் முறையில்தான் பிரிக்கப்படுகிறார்கள். மாணவரிடம் அதிக மதிப்பெண் பெற்ற ஆசிரியர்களின் வகுப்புகள் அந்தப் பருவத் தேர்வில் நன்றாகச் செய்தன. அடுத்த நிலைப் பாடத்தில் பின்தங்கின. 2017இல் ஊட்டல் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மாணவர் தரும் மதிப்பெண்ணுக்கும் உண்மையான கற்றலுக்கும் தொடர்பில்லை என்று முடிவுக்கு வந்தனர். பெண் ஆசிரியருக்கு மாணவர் குறைத்து மதிப்பெண் போடுகிறார்கள் என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. நம் ஊரில் சாதி அந்த இடத்தில் நின்று வேலை செய்யாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இவற்றையெல்லாம் நான் அப்படியே ஏற்கிறேன். ஆனால் இந்த ஆய்வுகள் உடைப்பது ஆசிரியருக்கு மதிப்பெண் போடச் சொல்லும் கணக்கெடுப்பை. பஸ் எத்தனை மணிக்கு வந்தது, அசைன்மென்ட் திரும்பி வந்ததா, நூலகம் எத்தனை மணி வரை திறந்திருந்தது, முதல் செமஸ்டரில் எந்தப் பாடத்தை மொழியால் புரிந்துகொள்ள முடியவில்லை என்று கேட்கும்போது மாணவரைவிட நல்ல சாட்சி யார்? தீர்ப்புச் சொல்ல அவருக்குத் தகுதி போதாது என்பதை வைத்துச் சாட்சி சொல்லும் தகுதியையும் பறிக்கக் கூடாது.

அரசுக் கல்லூரிகளின் பாடச்சுமையில் பெரும்பங்கைச் சுமக்கும் கௌரவ விரிவுரையாளர்களை இந்தப் படிவங்கள் பலிவாங்கும் என்பது இரண்டாவது. தமிழகத்தில் ஆயிரக்கணக்கானோர் இப்படித் தற்காலிகப் பணியில் இருக்கிறார்கள். இந்த அச்சத்துக்கு முழுக் காரணம் இருக்கிறது. ஆகவே தனி ஆசிரியரின் பெயருக்கு நேராக எந்த எண்ணும் வரக்கூடாது, அந்த எண்ணைப் பணி நீட்டிப்புக்குக் காட்டக்கூடாது என்பதை விதியாகவே எழுதிவிட வேண்டும். இன்ஸ்பெக்டருக்காகப் பாடம் நடத்திய பழைய பள்ளிகளின் கதை இங்கேதான் நினைவுக்கு வர வேண்டும். மாணவர் பயந்து பொய் சொல்வார்கள் என்பது மூன்றாவது. பாரதிதாசன் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் 100க்கு 25 மதிப்பெண் இன்டர்னல், அது துறையின் கையில். வகுப்புக்குள் ஆசிரியர் நிற்கும்போது பெயர், பதிவெண்ணோடு ஒரு கூகுள் ஃபார்மை நிரப்பச் சொன்னால் எல்லாக் கட்டத்திலும் மிக நன்று என்றுதான் விழும். பயத்துக்குக் காரணமான ஏற்பாட்டை வைத்துக்கொண்டு மாணவரின் நேர்மையைக் குறை சொல்வது அநியாயம். துறைக்கு வெளியே, பெயரும் பதிவெண்ணும் இல்லாமல், தமிழில், செமஸ்டரின் நடுவிலேயே கேட்கலாம். நடுவில் கேட்டால்தான் சொன்னவருக்கே பலன் கிடைக்கும். கடைசி வாரத்தில் கேட்பது அடுத்த ஆண்டு வரும் வேறொருவருக்காக.

நாக் 2024இல் தன் தரநிலை எழுத்துகளை விட்டுவிட்டு, அங்கீகாரம் உண்டு அல்லது இல்லை என்ற இருநிலை முறைக்குப் போவதாக அறிவித்தது. 2025 பிப்ரவரியில் அதன் ஆய்வுக்குழு ஒன்றின் உறுப்பினர்களை லஞ்சப் புகாரில் சிபிஐ கைது செய்தது. புதிய முறையில் மாணவரின் குரலுக்கு என்ன இடம் கிடைத்தாலும், ஒரு கல்லூரி தன் மாணவரைக் கேட்க பெங்களூருவின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அரியலூரிலும் குரும்பலூரிலும் வேப்பந்தட்டையிலும் உள்ள முதல்வர்களும் உள்தர உறுதிக் குழுக்களும் தங்கள் ஊருக்கான பத்துக் கேள்விகளைத் தாங்களே எழுதலாம். அந்தக் கேள்விகளை எழுதும்போது செந்துறையிலிருந்து பஸ்ஸில் வரும் இரண்டு மாணவியரைக் கூட உட்கார வைக்கலாம். பஸ் நேரத்தைப் பற்றி வரும் பதில்களை அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைக்கும், உதவித்தொகை பற்றியவற்றை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் அனுப்பலாம். இதில் எதற்கும் தனி நிதி வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட ஒன்றையே வற்புறுத்திக் கேட்கிறேன். பதில்களைப் பெட்டியில் பூட்டாதீர்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஏப்ரலில் கல்லூரியை விட்டுப் போவதற்குள், அவர்கள் சொன்னதில் எது செய்யப்பட்டது, எது செய்யப்படவில்லை, ஏன் செய்யப்படவில்லை என்பதைத் தமிழில் எழுதி, முதல்வரின் கையெழுத்தோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.